நாலு மார்க் வாங்கிய கை

1991 மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் லுங்கியைக் கட்டப் போனேன். முடிச்சு விழவில்லை. விரல்கள் இருந்தன, துணியும் இருந்தது, ஆனால் விரல் துணியைப் பிடிக்கவில்லை. பாதங்கள் இரண்டும் சாக்கு சுற்றியது போல மரத்துக் கிடந்தன. பனியில் படுத்ததால் இருக்கும் என்று வேலைக்குப் போனேன். மத்தியானம் போர்வெல் வண்டியின் மேடையிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் நிற்க முடியவில்லை. அதற்கு மறுநாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஊர் சாத்தூர்ப் பக்கம். ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பம்பாயில் இட்லிக் கடை, தூத்துக்குடியில் உப்பளம், கொஞ்ச நாள் சர்க்கஸ் கூடாரத்துக்குக் கயிறு இழுக்கிற வேலை. கடைசியாகத் திருச்செங்கோட்டுக்காரர்களின் போர்வெல் வண்டி. அதில் மட்டும் இரண்டரை வருடம் தங்கினேன். அந்த வேலையே ஓரிடத்தில் தங்காது, அதனால் நான் தங்கினேன். இரண்டு லாரி. ஒன்றில் துளை போடும் ரிக், இன்னொன்றில் காற்று தள்ளும் கம்ப்ரஸர். இந்த வாரம் ஒரகடம், அடுத்த வாரம் ஓங்கோல், அதற்கடுத்த மாதம் ராய்ப்பூர்.

என் வேலை ராடு பிடிப்பது. துளை ஆழமாகப் போகப் போக ஓர் இரும்புக் குழாயின் தலையில் இன்னொன்றைத் திருகிக்கொண்டே போக வேண்டும். ஒருவன் மேல் ராடை அணைத்துப் பிடித்து நேராக நிறுத்துவான். இன்னொருவன் குனிந்து இணைப்பில் கைவைத்து மரை பொருந்துகிறதா என்று பார்ப்பான். மேலே பிடிப்பவன் கை ஒரு நொடி தளர்ந்தால் கீழே இருப்பவன் விரல் போய்விடும். நான் மேல் ஆள். கீழ் ஆள் சேலத்துப் பக்கத்துக்காரன், என் கூட்டாளி. அவன்தான் என்னைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் மூச்சும் திணறியது. கழுத்தில் ஒரு துளை போட்டுக் குழாய் சொருகி மெஷினோடு சேர்த்தார்கள். ஊர் ஊராகத் துளை போட்டவனுக்கு அது ஒன்றும் அவமானமாகத் தெரியவில்லை. சீட்டில் ஜி.பி.எஸ். என்று நோயின் பெயரைச் சுருக்கி எழுதியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வாதம் என்றார்கள். ஒரு சின்ன வயது டாக்டர் மட்டும் நின்று விளக்கிச் சொன்னார்.

"ரெண்டு வாரம் முன்னால வயித்துப்போக்கு வந்துதுன்னு உன் ஆளு சொன்னான். அந்தக் கிருமியை அடிக்க உன் உடம்பு ஒரு படையைக் கெளப்பிச்சு. அது கிருமியை அடிச்சு முடிச்சிட்டு, ஆள் அடையாளம் தெரியாம உன் நரம்பையே அடிச்சிட்டிருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது."

எப்போது நிற்கும் என்று கண்ணாலேயே கேட்டேன்.

"அதுவா நிக்கும். நரம்பு மேல இருக்கிற உறை அதுவா வளரும். சீக்கிரமா வளர வைக்க எங்ககிட்ட மருந்து இல்ல."

பங்குனியில் குழாயை எடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே அநேகமாக ஒன்றும் அசையவில்லை. வண்டி வடக்கே கிளம்புவதற்கு முன் மேனேஜர் பார்க்க வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ஐம்பது வயது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் உரித்துச் சாப்பிட முடியாதவன் என்று பார்த்ததும் பழத்தைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொடுத்துவிட்டார்.

"இங்க பாரு. ஆவணிக் கடைசில வண்டி திரும்ப இந்தப் பக்கம் வருது. வல்லத்துப் பக்கம் பத்துப் போர் பேசியிருக்கறேன். அன்னிக்கு நீயா மேடைல ஏறி ராடு புடிச்சீன்னா உன்ற எடம் உனக்கு. இல்லீன்னா வேற ஆளத்தான் பாக்கோணும். கோவிச்சுக்காத."

கோபம் ஒன்றும் இல்லை. நியாயமான பேச்சு. எனக்கென்று ஓர் இடத்தை ஆறு மாதம் வைத்திருக்கிறேன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து எனக்கு இருந்த கணக்கு ஒன்றுதான்: ஆவணிக் கடைசி.

போக்கிடம் இல்லாதவன் என்பதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னை ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கன்னியர் நடத்தியது. போலியோ வந்த குழந்தைகளுக்காகக் கட்டிய ஒரு நீளமான ஓட்டுக் கூடம். நடை பழக இரண்டு இரும்புக் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, மணல் மூட்டைகள். சுற்றிலும் வயல், கொஞ்சம் முள்காடு, எங்கோ ஒரு கல் குவாரியின் வெடிச்சத்தம். இப்போது அந்தப் பக்கம் கார் கம்பெனிக் காம்பவுண்டுகள் நிற்கின்றன. அன்றைக்கு பஸ் வருகிற சத்தம் கேட்டால் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற ஊர்.

திங்கள், புதன், வெள்ளியில் அந்த பஸ்ஸிலிருந்து இறங்குபவர் பிசியோதெரபி பார்க்கும் பெண். மதராஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் வயதுதான் இருக்கும். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. முதல் நாள் என் காலைக் கையில் ஏந்திக்கொண்டு, "என் கையைத் தள்ளுங்க," என்றார். தள்ளினேன். தள்ளியதாக நினைத்தேன். அவர் நோட்டில் பூஜ்யம் எழுதினார். தொடை, கணுக்கால், தோள், மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனார்.

"என்ன மேடம் அது?"

"மார்க். அசையவே இல்லைன்னா பூஜ்யம். சும்மா துடிச்சா ஒண்ணு. படுக்கையில நகர்ந்தா ரெண்டு. மேலே தூக்கினா மூணு. தூக்கினதை நான் அழுத்தும்போது கொஞ்சம் தாங்கினா நாலு. எவ்வளவு அழுத்தினாலும் தாங்கினா அஞ்சு."

"அஞ்சு யாராவது வாங்கியிருக்காங்களா?"

"இந்த ஊர்ல நடமாடுற எல்லாரும் அஞ்சுதான். நீங்களும் அந்த அம்மாவும்தான் ஃபெயில்."

அந்த அம்மா என்றது கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தவரை. வல்லத்துப் பக்கம் ஒரு சிற்றூர், நடவு வேலைக்குப் போகிறவர், முப்பத்தைந்து வயது. எனக்கு வந்த அதே நோய், எனக்கு ஒரு மாதம் முன்பு வந்திருந்தது. வீட்டுக்காரர்கள் முதலில் வாதம் என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றித் தேய்த்து, செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். உணர்வு செத்த காலுக்குச் சூடு தெரியவில்லை. கெண்டைக்கால் இரண்டும் கொப்பளித்துத் தழும்பாகியிருந்தன.

"இன்னா தம்பி, உனக்கும் இதேவா?" என்று அங்கிருந்தே கேட்டார். "நான் எனக்கு மட்டும்தான் முருகன் பார்த்து குட்த்துகீறான்னு பெருமையா நெனச்சிகினு இருந்தேன். அதுக்கும் பங்குக்கு வந்துட்டியா?"

"நான் வேணும்னா திருப்பிக் குடுத்துடறேன்கா."

"குடு குடு. ரெண்டா வச்சிகினு நான் இன்னா பண்றது?"

அப்படித்தான் பழக்கமானோம்.

முதல் இரண்டு மாதம் வேலை முழுவதும் மேடத்துடையது. என் கையையும் காலையும் மூட்டு மூட்டாக மடக்கி நீட்டுவார். படுக்கைக் கடையில் ஒரு பலகையை நிறுத்திப் பாதங்களை அதில் பதித்து வைப்பார், இல்லாவிட்டால் பாதம் தொங்கியே இறுகிவிடுமாம். அவர் வராத நாட்களில் ஒரு சிஸ்டர் அதையே செய்வார். போர்வை பட்டாலே தோல் எரிந்தது. கத்தினால் நிறுத்திவிட்டு, கத்தி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பலம் இடுப்பிலும் தோளிலும் முதலில் வந்து, அங்கிருந்து நுனிக்கு இறங்கும் என்றார் மேடம். விரல் கடைசி. நரம்பு ஒரு நாளைக்கு அரிசி நுனி அளவுதான் வளரும் என்றார். நான் படுத்தபடி தோளிலிருந்து விரல் வரைக்கும் எத்தனை அரிசி என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஆவணிக்குள் அடங்குவது சந்தேகமாக இருந்தது. ஆனாலும் பயம் வரவில்லை. இதைவிட மோசமான இடங்களிலிருந்து வெளியே வந்திருக்கிறேன். அங்கெல்லாம் நோட்டு வைத்துக்கொண்டு உதவ யாரும் இருந்ததில்லை.

சித்திரையில் தொடைக்கு ஒன்று, பிறகு இரண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதவன் நான். இங்கே நோட்டை மூடுவதற்குள் எட்டிப் பார்ப்பேன். அக்கா அதற்கு மேல்.

"எனுக்கு இன்னா மார்க்கு மேடம்? அந்தப் பையனுக்கு எவ்ளோ?"

"ரெண்டு பேருக்கும் தொடை மூணு."

"எனுக்கு ஒரு மாசம் முன்னாடி வந்துது. மூணேகாலாவது போடுங்க."

மே மாதத்தில் நான் நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்தேன். பத்து முறை எழுந்து உட்கார வேண்டும், பிறகு அதைவிட இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த மாதம்தான் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயர் உலகம் முழுவதும் கேட்டது. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு பஸ் ஓடவில்லை, ரோடெல்லாம் போலீஸ், யாரும் மதராஸிலிருந்து வர முடியவில்லை. பத்து நாட்களுக்கு மேல் மேடம் வரவில்லை. எனக்கு ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது.

போர் வேலையில் ஒரு விதி உண்டு. துளை சேற்று மண்ணில் இறங்கும்போது நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் மண் சரிந்து ராடு நுனியில் பாறையை உடைக்கிற ஹேமரைக் கவ்விக்கொள்ளும், பிறகு அது மேலே வராது. பசித்தாலும் மழை பெய்தாலும் பாறை தட்டும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் மாற்றி ஆள் நின்று சாப்பிடுவோம், மெஷின் நிற்காது. இரண்டரை வருடம் அதைப் பார்த்துப் பழகியவனுக்கு உடம்பும் அப்படித்தான் என்று தோன்றியது. இறங்கியாகிவிட்டது, இனி நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம்.

முதல் நாள் முப்பது முறை எழுந்தேன். இரண்டாம் நாள் அறுபது. அக்கா விளையாட்டாக எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எண்பதைத் தாண்டியதும் அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"போதும்யா. மூஞ்சி வெளுத்துப் போவுது."

"எண்ணுங்கக்கா."

"எண்ண மாட்டேன். நீ வுயுந்தா தூக்கறதுக்கு எனுக்குக் காலு இல்ல."

நானே எண்ணி நூறு முடித்தேன். சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் கையை ஊன்றினேன், எழ முடியவில்லை. அதற்கு மறுநாள் கஞ்சிக் கரண்டி கையிலிருந்து நழுவியது. ஏற்கெனவே திரும்பிவந்திருந்த பலமும் கணக்குச் சொல்லாமல் போய்விட்டது.  

பஸ் விட்டதும் மேடம் வந்தார். என்னைப் பார்த்தவர் நோட்டை எடுக்கவில்லை. "ஒரே மூச்சுல எண்ணுங்க, நடுவுல மூச்சு எடுக்கக் கூடாது," என்றார். ஒன்று, இரண்டு என்று இருபத்தாறு வரை போனேன். அவர் தோள் தளர்ந்தது. மூச்சுக்கு ஆபத்தில்லை, நோய் திரும்ப அடிக்கவில்லை என்று அர்த்தம் என்று பிறகு சொன்னார். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"நூறு தடவை எழுந்திருக்கச் சொல்லி யார் சொன்னது?"

சேற்று மண் விதியைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நிறுத்தாம ஓட்டியும் சில நேரம் மாட்டிக்குமா?"

"மாட்டும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"எவ்வளவோ இழுத்துப் பார்ப்போம். வரலைன்னா ஹேமரை உள்ளேயே விட்டுட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவோம்."

"நான் உங்களை எங்க விட்டுட்டுப் போறது?" என்றார். "இது மண்ணு இல்ல. உங்க தொடையில பத்து நரம்பு செய்யுற வேலையை இப்ப ரெண்டு நரம்பு செய்யுது. அந்த ரெண்டையும் அடிச்சு ஓட்டினா அதுவும் படுத்துக்கும். ஒரே விதிதான். இன்னைக்குச் செஞ்சது சரியா தப்பான்னு நாளைக்குக் காலையில தெரியும். நேத்தைவிடச் சோர்வா எழுந்தா, நேத்து செஞ்சது அதிகம். குறைக்கணும்."

அதை நான் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னால் பொய். பத்து பேர் வேலையை இரண்டு பேர் செய்வது என்பது மட்டும் உடனே புரிந்தது. ஆள் குறைந்த நாட்களில் வண்டியில் அதைச் செய்திருக்கிறேன், மூன்றாம் நாள் யாருக்காவது காயம் படும். ஆனால் சும்மா படுத்திருப்பதை வேலை என்று நினைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. மேடம் அக்காவை எனக்குக் காவல் வைத்தார். பத்துக்கு மேல் இடுப்பு நாற்காலியை விட்டு எழுந்தால் அக்கா கத்துவார், கூடத்திலிருந்த போலியோக் குழந்தைகளும் சேர்ந்து கத்தும்.

"பதினொண்ணு! பதினொண்ணு! சிஸ்டர், இந்தாளு திருடறான்!"

பறிபோனது திரும்பிவர இருபது நாள் ஆயிற்று. ஆவணியிலிருந்து இருபது நாட்களை நானே எடுத்து எறிந்துவிட்டேன்.

ஆனியில் இரண்டு பேரும் கம்பிகளுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தோம். கணுக்கால் இன்னும் தொங்கியதால் முன்னால் அடி வைத்தால் கால் விரல் தரையில் இடறியது. அக்கா ஒரு நாள் எரிச்சலில் திரும்பாமலே பின்பக்கமாக நடந்து போனார். சரசரவென்று போனார். நடவு நடுகிறவர்கள் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால்தான் போவார்கள், இருபது வருடப் பழக்கம். மேடம் அதைப் பார்த்துக் கைதட்டினார். அன்றிலிருந்து அவருக்குப் பயிற்சியே பின்னால் நடப்பது, பிறகு குனிந்தபடி பின்னால் நடப்பது, பிறகு தண்ணீர் தெளித்த மணல் தொட்டியில் நடப்பது.

"நீ முன்னால போ, நான் பின்னால போறேன். எவன் மொதல்ல வூடு போய் சேர்றான்னு பாப்போம்," என்பார் என்னிடம்.

எனக்கு வேறு பயிற்சி. மேடை எவ்வளவு உயரம் என்று மேடம் கேட்டார். இடுப்பு உயரம், ஏற ஒரே ஓர் இரும்பு வளையம், பிடிக்க ஒரு குழாய் என்றேன். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு, ஜன்னல் கம்பியைக் குழாயாக வைத்து, பலமான கால் முதலில் ஏற வேண்டும், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் இறங்க வேண்டும் என்று பழக்கினார். விரலுக்குக் கோதுமை மாவு. சமையலறை சிஸ்டருக்குச் சப்பாத்தி மாவு பிசைவது என் வேலையாயிற்று. பிறகு புளியங்கொட்டை பொறுக்குவது, ஊக்கு மாட்டுவது, நனைந்த துணி பிழிவது. வலது கை வேகமாக வந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் தாமதித்தன.

ஆடியில் அக்கா வீட்டுக்குப் போனார். ஆவணி நடுவில் அவர் ஊரில் நடவு என்று சொல்லி அனுப்பினார். சிஸ்டர்களின் ஜீப்பில் போய், கோலை ஊன்றி வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டுப் பெண்கள் ஒரே வரிசை. எல்லோரும் ஒரே வேகத்தில் பின்வாங்க வேண்டும். யாராவது பின்தங்கினால் இரண்டு பக்கத்துப் பெண்களும் அவளைச் சுற்றி நட்டு நாற்றுக்குள் அடைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அன்றைக்கு அக்காவை வரப்பு ஓரத்தில் நிறுத்தி, பாதி அகலம்தான் கொடுத்திருந்தார்கள்.

"இன்னாடி, கொயந்தப் புள்ளைய வுடற மாதிரி ஓரத்துல வுட்டுகீறீங்க?"

"ஓரத்துல இருந்தாதான் குந்த வரப்பு கீது. வாய மூடிகினு நடு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இரண்டு கட்டு நாற்று நட்டார். மூன்றாவது கட்டை எடுக்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டோட நிறுத்திகினேன். நாளைக்குக் காலைல ஒயுங்கா ஏந்திரிச்சேன்னா மூணு."  பிறகு என் இடது கையைப் பார்த்தார். "தம்பி, உன் வண்டில ஓரம்னு ஒண்ணு கீதா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லக்கா. அங்க ஓரம் கிடையாது."

"அப்ப பாத்துக்கோ."

ஆவணிக் கடைசி வாரத்தில் வண்டி வந்தது. வல்லத்துக்கு அருகே யாரோ வாங்கி எல்லைக்கல் நட்டிருந்த நிலம். அதற்கு இரண்டு நாள் முன்பு மேடம் மார்க் போட்டிருந்தார்: வலது கை ஐந்து, இடது கை நாலு. நாலரை என்று சண்டை போட்டேன். அரை மார்க் கிடையாது என்றுவிட்டார். "ஏறுறதுக்கு இது போதும். ராடு பிடிக்கப் போதுமான்னு எனக்குத் தெரியாது. அந்த வேலை உங்களுக்குத்தான் தெரியும்."

கோலை லாரி டயரில் சாய்த்து வைத்துவிட்டு மேடைக்கு முன்னால் நின்றேன். வலது காலை வளையத்தில் வைத்தேன், குழாயைப் பிடித்தேன், உடம்பைத் திருப்பிப் பின்பக்கத்தை மேடையில் வைத்து உட்கார்ந்து, பிறகு சுழன்று எழுந்தேன்.

"கல்யாணப் பொண்ணு மாட்டுவண்டில ஏறுற மாதிரி ஏறுறான் பாரு," என்று என் கூட்டாளி கத்தினான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மேனேஜர் கீழிருந்து பார்த்தார். "ஏறிப்போட்டயே! செரி, புடி ராடை. புது ஆளு காச்சல்ல படுத்துட்டான், ஆளு பத்தலை."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ராடு வந்தது. அணைத்துப் பிடித்தேன். அந்தக் குளிர்ந்த இரும்பு நெஞ்சில் பட்டதும் ஆறு மாதம் இல்லாமலே போன மாதிரி இருந்தது. கூட்டாளி குனிந்து இணைப்பில் கைவைத்தான். மேலே பார்க்கவே இல்லை. என்னை அவ்வளவு நம்பினான். வலது கை கல் போல நின்றது. இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நடுக்கம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"கையை எடுடா," என்றேன்.

"ஏண்டா மாப்ள?"

"எடுடா முதல்ல!"

எடுத்தான். ரிக் ஓட்டுபவர் ராடை மேலே தூக்கிக்கொண்டார். இவன் பிடித்தவரைக்கும் சரியாகத்தானே இருந்தது என்று மேனேஜருக்குக் கோபம்.

"என்றா கூத்து இது? ஆறு மாசம் எடத்தை வெச்சிருந்தேனல்லோ!"

"ஏறினேன். ராடு இன்னும் ரெண்டு மாசம் பிடிக்க மாட்டேன். இடது கைக்கு மேடம் நாலு மார்க்தான் போட்டிருக்காங்க."

"மார்க்கா?"

"அஞ்சுக்கு நாலு."

"நான் படிச்ச காலத்துல அஞ்சுக்கு நாலுன்னா பாஸுடா!"

"இதுல ஃபெயில். ஃபெயிலானா போறது இவன் விரல்."

கூட்டாளி தன் கையைப் பார்த்துக்கொண்டான்.  இடத்தை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேடையில் நின்றபடி அதை நினைக்க முடிந்தது, படுத்துக்கொண்டு இல்லை. இறங்கிப் போய் இரண்டு மாதம் கழித்து வேறு வண்டி தேடலாம். வண்டிக்கா பஞ்சம்?

"கம்ப்ரஸர்கிட்டப் போய் உக்காரு," என்றார் மேனேஜர். "மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போனாக் கத்து, டீசல் தீர்ந்தாக் கத்து. அதுக்குக் கையி வேண்டாம், வாயி போதும். உனக்கு அதுல அஞ்சுக்கு ஆறு."

புறப்படும் முன் மேடத்திடம் சொல்லப் போனேன். நன்றி என்ற வார்த்தை எனக்குச் சரளமாக வராது. மேடம் அதைக் கேட்கவும் இல்லை. இடது கைக்கான பயிற்சிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மார்க் எப்படிப் பார்ப்பது என்று கூட்டாளியை வைத்துக் காட்டிக் கொடுத்தார். "பாவம் பார்த்து மெதுவா அழுத்தாதீங்க," என்று அவனிடம் சொன்னார். அவன் பாவம் பார்க்கிறவன் இல்லை.

கார்த்திகையில் ராய்ப்பூரைத் தாண்டி ஒரு செம்மண் காட்டில் இருந்தோம். தினமும் வேலைக்கு முன்னால் அவன் என் விரல்களை அழுத்திப் பார்ப்பான். ஒவ்வொரு நாளும் தோற்றேன். ஒரு நாள் இரண்டு கையாலும் அழுத்தினான், என் விரல் மடங்கவில்லை. மறுநாளும் மடங்கவில்லை. இன்னொரு நாள் பொறுத்திருந்தேன். அதற்கு மறுநாள் காலையில் சோர்வில்லாமல் எழுந்து மேடையில் ஏறினேன். 

ராடு வந்தது. பிடித்தேன். அவன் குனிந்து இணைப்பில் கைவைத்தான். மரை ஏறியது, இறுகியது. அவன் கையை வெளியே எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான்.

"நாலுதான்டா இருக்கு மாப்ள!"

எல்லோரும் பதறித் திரும்பினோம்.

"கட்டை விரலை எண்ண மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த ராடை என் பக்கம் தள்ளினான்.